மூன்று நாள் ஒரே எண், ஆனால் எந்த எண்? கண்ணாடி ஹைட்ரோமீட்டருடன் ஒரு வருடம்

போன அக்டோபரில் மெல்போர்னின் தென்கிழக்குப் பக்கம் ஒரு ஹோம்ப்ரூ கடையில், பீரின் அடர்த்தியை அளந்து அதில் சர்க்கரை எவ்வளவு தீர்ந்தது என்று காட்டும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் ஒன்றும், அதை மிதக்கவிட உயரமான பிளாஸ்டிக் ஜாடி ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 25 டாலருக்குள்தான். இந்த ஒரு வருடத்தில் ஏழு முறை வீட்டில் பீர் போட்டிருக்கிறேன், ஏழு முறையும் அதை வைத்துத்தான் அளந்தேன். வீட்டில் பீர் போடத் தொடங்கும் யாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: நல்ல வாளி, நல்ல மூடி, அழகான பாட்டில் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதை வாங்குங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது இல்லாமல் நான் போட்ட முதல் பீர் என் வீட்டு கராஜில் வெடித்தது.

அது போன வருடம் ஜூலை. இங்கே அது நடுக்குளிர்காலம். பீர் போடும் கிட் ஒன்று வாங்கி, அதிலிருந்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றைச் சுடுதண்ணீரில் கரைத்து, சர்க்கரை சேர்த்து, 23 லிட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே ஈஸ்ட்டைத் தூவி மூடிவைத்தேன். மறுநாள் மாலை, மூடியில் வாயு வெளியேறப் பொருத்தியிருக்கும் ஏர்லாக்கில் குமிழி வரத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், 'ப்ளக் ப்ளக்' என்று வீட்டுக்குள் ஏதோ ஒரு உயிர் வந்து குடியேறியது மாதிரி இருக்கும். வேலை விட்டு வந்ததும் முதலில் கராஜுக்குப் போய் நின்று கேட்பேன். நான்கு நாள் நன்றாக வந்தது, ஐந்தாம் நாள் நிமிடத்துக்கு ஒன்று, ஆறாம் நாள் எதுவும் இல்லை. கிட்டோடு வந்த தாளில் ஏறக்குறைய ஒரு வாரம் என்று போட்டிருந்தது. எல்லாம் பொருந்தி வருகிறதே என்று எட்டாம் நாள் 750 மில்லி கண்ணாடி பாட்டில்களில், வாயு ஏறுவதற்காக அளவாகச் சர்க்கரை போட்டு அடைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் ஒன்றைத் திறந்தபோது வாயு குறைவாக இருந்தது, இனிப்புத் தூக்கலாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டேன். அக்டோபர் முதல் வாரத்தில் வெயில் ஏறியது. ஒரு ராத்திரி கராஜில் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு பாட்டில் சுக்கு நூறாகிக் கிடந்தது. ஒரு சில்லு, ஒரு மீட்டர் தள்ளி நின்ற மகளின் சைக்கிள் சீட்டில் குத்தி நின்றிருந்தது. அந்த மதியம் முழுவதும் அவள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாள். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. கனமான கோட்டும் கையுறையும் கண்ணுக்குக் கவசமும் போட்டுக்கொண்டு, மீதி பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கனத்த துணி சுற்றித் திறந்து கொட்டினோம். திறந்ததெல்லாம் கூரைவரை அடித்தது.

என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருபது வருடத்துக்கு மேலாக வீட்டில் பீர் போடுகிறவர். திங்கட்கிழமை அவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, அளந்தனீரோ?"

"இல்லை அண்ணை, குமிழி நின்றுபோச்சு, அதனால..."

"குமிழியைப் பாத்து ஒரு நாளும் அடைக்காதையும். உது காத்து வெளியால போறதைத்தான் காட்டும். உள்ளுக்குச் சீனி மிச்சம் இருக்கோ இல்லையோ எண்டு உதுக்குத் தெரியாது."

அவர் சொன்னதில் எல்லாமே இருக்கிறது. ஏர்லாக் ஒரு வழிக் கதவு, அவ்வளவுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விட்டால் குமிழி வரும். ஆனால் நொதித்தல் முடிந்த பிறகும், பகலில் சூடு ஏறினால் பீருக்குள் கரைந்திருக்கும் வாயு வெளியே வந்து குமிழி காட்டும். வானிலை மாறிக் காற்றழுத்தம் குறைந்தாலும் அப்படித்தான். மூடியின் ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றால், உள்ளே கொதிப்பது மாதிரி நுரைத்தாலும் ஏர்லாக்கில் ஒரு குமிழிகூட வராது, வாயு பக்கவாட்டில் போய்விடும். குளிரில் ஈஸ்ட் தூங்கிப்போனால் குமிழி நிற்கும், சர்க்கரை அப்படியே கிடக்கும். எனக்கு நடந்தது இதுதான் என்று பிறகு புரிந்தது.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

கையில் எடுத்துப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊரில் விடிகாலை அம்மா பால் தூக்கோடு சொசைட்டிக்குப் போவார், நான் பின்னாலேயே ஓடுவேன். அங்கே டெஸ்டர், பாலை ஜாடியில் ஊற்றி ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, குனிந்து பார்த்து "இருபத்தெட்டு" என்று சத்தமாகச் சொல்வார். அந்த லாக்டோமீட்டரும் இந்த ஹைட்ரோமீட்டரும் அண்ணன் தம்பி. இருபத்தெட்டு என்றால் பாலின் ஒப்படர்த்தி 1.028, தண்ணீர் 1.000. பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், குழாய் ஆழமாக அமிழும், எண் இறங்கும். பீரில் தண்ணீர் கலப்பது இல்லை, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்க்கிறது. அடர்த்தியான சர்க்கரை போய்த் தண்ணீரைவிட லேசான ஆல்கஹால் வருகிறது. அதனால் குழாய் நாளுக்கு நாள் ஆழமாக இறங்கும். இறங்குவது நின்றால் தின்பது நின்றுவிட்டது என்று பொருள். தின்ன ஏதும் இல்லாமல் நின்றதா, தின்ன முடியாமல் நின்றதா என்பது அடுத்த கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

இங்கிலாந்தின் ஹல் நகரத்து பீர் தயாரிப்பாளர் ஜான் ரிச்சர்ட்சன் இந்தக் கருவியைப் பற்றி 1784-லேயே புத்தகம் எழுதியிருக்கிறார். அதுவரை நாக்கிலும் விரலின் பிசுபிசுப்பிலும் பார்த்துவந்த வேலைக்கு ஒரு எண் கிடைத்தது. இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை. கீழே எடை போட்ட குண்டான வயிறு, மேலே மெல்லிய தண்டு, தண்டுக்குள் சுருட்டிவைத்த அளவுகோல் காகிதம். பாட்டரி வேண்டாம், செல்போன் வேண்டாம்.

வாங்கி வந்ததும் அண்ணை சொன்னபடி முதலில் வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். என் கருவி 20 டிகிரி செல்சியஸில் சரியாகக் காட்டும்படி செய்தது, அது காகிதத்திலேயே அச்சாகியிருக்கிறது. தண்ணீரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து விட்டால் 1.000 காட்ட வேண்டும். 1.002 காட்டியது. உள்ளே இருக்கும் காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்து ஒட்டியிருக்க வேண்டும். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக நினைத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். எப்போதும் ஒரே அளவு தப்பாகக் காட்டும் கருவி பிரச்சினை இல்லை, ஒவ்வொரு முறையும் 0.002 கழித்துக்கொண்டால் போதும். பீர் இறங்கிக்கொண்டிருக்கிறதா நின்றுவிட்டதா என்று பார்ப்பதற்கு அந்தக் கழித்தல்கூட வேண்டாம், நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம்தானே முக்கியம். ஆனாலும் நீங்கள் வாங்கினால் முதல் நாளே தண்ணீரில் சோதித்து எண்ணைக் குறித்துவையுங்கள். இனி நான் சொல்லும் எண்கள் எல்லாம் கழித்துக் குறித்தவை.

அக்டோபர் கடைசியில் இரண்டாவது பீர். கூப்பர்ஸ் கம்பெனியின் ஆஸ்திரேலியன் பேல் ஏல் டின், 1.7 கிலோ, அதோடு சர்க்கரைக்குப் பதிலாக அவர்களுடைய ப்ரூ என்ஹான்ஸர் 2 என்ற பொடி ஒரு கிலோ. அடிலெய்டில் 1862-ல் தொடங்கிய குடும்பக் கம்பெனி அது. ஆஸ்திரேலியாவில் வீட்டில் பீர் போடும் பாதிப் பேருக்கு அவர்கள் டின்தான் அரிச்சுவடி என்று அண்ணை சொல்வார். ஈஸ்ட் தூவும் முன்பே ஒரு ஜாடி எடுத்து அளந்தேன். 1.040. இந்தத் தொடக்க எண்ணை எடுக்க மறந்தால் பிறகு எந்தக் கணக்கும் போட முடியாது.

மூன்றாம் நாள் வரை ஏர்லாக்கில் ஒரு குமிழிகூட இல்லை. பழைய நானாக இருந்தால் ஈஸ்ட் செத்துவிட்டது என்று இன்னொரு பாக்கெட் வாங்க ஓடியிருப்பேன். வாளியின் குழாயைத் திறந்து ஜாடியில் பிடித்து அளந்தேன். 1.022. பாதிக்குக் கிட்டத் தின்று முடித்திருந்தது! மூடியின் ரப்பர் வளையம் ஓர் இடத்தில் மடிந்திருந்தது, வாயு எல்லாம் அந்த வழியாகப் போயிருக்கிறது. அந்த ஒரு அளவிலேயே கொடுத்த காசு எனக்கு வசூலாகிவிட்டது.

அளப்பது எப்படி என்று கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடக்கத்தில் நான் இதில்தான் தடுமாறினேன். வாளிக் குழாயிலிருந்து 100 மில்லி போல ஜாடியில் பிடிக்கிறேன். ஹைட்ரோமீட்டரை மெதுவாக இறக்குகிறேன். உடனே அதன் வயிற்றைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு குட்டி மிதவை மாதிரி. அவை கருவியை மேலே தூக்கிவிடும், எண் கூடுதலாகக் காட்டும். ஆறாம் நாள் முதலில் 1.015 காட்டியது. எனக்குச் சந்தேகம். ஜாடியிலிருந்த பீரை ஒரு டம்ளரில் ஊற்றி, அதிலிருந்து இன்னொரு டம்ளருக்கு, டீக்கடையில் டீ ஆற்றுவது போல ஏழெட்டு முறை ஆற்றினேன். நுரை அடங்கியதும் மறுபடி ஜாடியில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். சுழன்று, மேலும் கீழும் ஆடி, ஜாடியின் சுவரைத் தொடாமல் நடுவில் நின்றது. 1.012. அப்புறம் குனிந்து கண்ணைத் திரவத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். தண்டைச் சுற்றித் திரவம் கண்ணாடியை ஒட்டி லேசாக மேலே ஏறி நிற்கும், அந்த விளிம்பைப் பார்க்கக்கூடாது. அதற்குக் கீழே தட்டையாக இருக்கும் மட்டத்தைத்தான் படிக்க வேண்டும். பெரும்பாலான கருவிகளுக்கு இதுதான் முறை, உங்கள் கருவியோடு வரும் தாளில் வேறு மாதிரி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சொசைட்டி டெஸ்டர் ஏன் அப்படிக் குனிந்து பார்த்தார் என்று இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

சூட்டையும் பாருங்கள். கோடையில் கராஜ் 30 டிகிரி இருந்தால், 20 டிகிரிக்குச் செய்த கருவி 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும். ஜாடியைக் கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திவைத்து அளப்பது எளிது.

எட்டாம் நாள் 1.010, பத்தாம் நாள் 1.010, பதினோராம் நாள் 1.010. மூன்று நாள் அளந்தும் எண் மாறவில்லை என்றால் நொதித்தல் முடிந்தது என்பதுதான் விதி. அடைத்தேன். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வித்தியாசம் 0.030. அதை 131.25-ஆல் பெருக்கினால் 3.9 சதவீத ஆல்கஹால், பாட்டிலில் போடும் சர்க்கரையால் இன்னும் ஏறக்குறைய அரை சதவீதம். 0.001-ஐ ஒரு புள்ளி என்று கொண்டால், தொடக்கத்தில் இருந்த 40 புள்ளியில் 30 புள்ளி தீர்ந்திருக்கிறது, அதாவது நான்கில் மூன்று பங்கு. வீட்டில் போடும் சாதாரண ஏல் வகைக்கு இது நல்ல கணக்கு. மீதிச் சர்க்கரை ஈஸ்ட்டால் தின்ன முடியாத வகை. என் பொடியில் அப்படிப்பட்ட மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்ததால் அது கொஞ்சம் கூடவே இருக்கும்.

இப்போது இந்தக் கருவியின் மேல் எனக்கு உள்ள பெரிய குறை. தண்டுக்குள் இருக்கும் காகிதத்தில் மூன்று அளவுகோல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன: ஒப்படர்த்தி, சர்க்கரை விகிதம், ஆல்கஹால் வாய்ப்பு. எழுத்து பொடிசு, ஒரு சின்னக் கோடு 0.002. இடையில் இருப்பதைக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 1.010 பக்கத்தில் ஒரு வண்ணப்பட்டை போட்டு, பீரை அடைக்கலாம் என்று அச்சடித்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் நம்பிவிடுவார். உண்மையில் எந்த பீர் எந்த எண்ணில் முடியும் என்பது மால்ட்டையும் ஈஸ்ட்டையும் பொறுத்தது. ஸ்டவுட் என்ற கனமான கறுப்பு பீர் 1.016-லேயே முடிந்து நிற்கலாம், அது பட்டைக்கு வரவே வராது. வறண்ட சுவையுள்ள ஒரு பீர் 1.006 வரை போகலாம். அது இறங்கும் வழியில் 1.010-ஐத் தாண்டும்போது பட்டைக்குள் வந்துவிட்டதே என்று அடைத்தால், நான்கு புள்ளிக்கான சர்க்கரை பாட்டிலுக்குள் மாட்டிக்கொள்ளும்.

நான்கு புள்ளி என்றால் என்ன என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு புள்ளி இறங்க, லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் சர்க்கரை தீர வேண்டும். நான்கு புள்ளி என்றால் 8 கிராம். பாட்டிலில் வாயு ஏறுவதற்காக நாமே போடும் சர்க்கரையும் லிட்டருக்கு ஏறக்குறைய 8 கிராம்தான். அதாவது நான்கு புள்ளி அவசரப்பட்டால் சர்க்கரையை இரண்டு மடங்கு போட்டதற்குச் சமம். இந்தப் பட்டையை அச்சடிக்கிறவர்கள் தயவுசெய்து எடுத்துவிட வேண்டும். எண் மட்டும் போதும்.

ஜாடியும் அவ்வளவு சரியில்லை. அடித்தட்டு தனியாகக் கழன்று வருகிறது, மேசையில் லேசாக இடித்தால் சாய்கிறது. நான் அதை ஒரு கிண்ணத்துக்குள் நிறுத்தித்தான் அளக்கிறேன். கருவி வந்த பிளாஸ்டிக் உறை நன்றாக இருக்கிறது, அளந்து முடித்த அடுத்த நொடி கழுவித் துடைத்து அதற்குள் போட்டுவிடுங்கள். குண்டான வயிறு என்பதால் மேசையில் வைத்தால் உருளும், கீழே விழுந்தால் கதை முடிந்தது. சிலர் ஹைட்ரோமீட்டரை வாளிக்குள்ளேயே மிதக்கவிட்டுவிடுகிறார்கள். அண்ணை அதைக் கேட்டாலே கோபப்படுவார். உள்ளே உடைந்தால் கண்ணாடிச் சில்லும் எடைக்குப் போட்ட உருண்டைகளும் 23 லிட்டரிலும் கலக்கும், அத்தனையும் கொட்ட வேண்டியதுதான்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு இரண்டு சொட்டு போதும், தொடக்க எண்ணுக்கு வசதி. ஆனால் ஆல்கஹால் வந்த பிறகு ஒளி வளைவது மாறிவிடும், திருத்தக் கணக்கு போடாமல் அது காட்டும் எண்ணை நம்பக்கூடாது. டில்ட் மாதிரி வாளிக்குள் மிதந்துகொண்டே செல்போனுக்கு எண் அனுப்பும் கருவிகளும் உண்டு. இறங்கும் வேகத்தைப் பார்க்க அருமை, விலை பல மடங்கு. நுரையும் ஈஸ்ட்டும் ஒட்டிக்கொண்டால் அதன் எண்ணும் பிசகும், கடைசியில் கண்ணாடி ஹைட்ரோமீட்டரில் ஒரு முறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இந்தக் கருவி தனக்குள்ள முழு மதிப்பையும் எனக்குக் காட்டியது இந்த வருட ஜூலையில்தான். வேண்டுமென்றே அதே கராஜில், அதே மாதத்தில், அதே வகைக் கிட் போட்டேன். போன வருடம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தொடக்கம் 1.040. ஆறாம் நாள் குமிழி நின்றது, போன வருடம் போலவே. எட்டாம் நாள் 1.020. பத்தாம் நாள் 1.020. பதினோராம் நாள் 1.020.

மூன்று நாள் ஒரே எண். விதிப்படி பார்த்தால் முடிந்துவிட்டது. ஆனால் 40 புள்ளியில் பாதிதான் தீர்ந்திருக்கிறது, நாக்கில் வைத்தால் பாகு மாதிரி இனிக்கிறது. வாளியில் ஒட்டியிருந்த வெப்பப் பட்டி காலையில் 13 டிகிரி காட்டியது, ஈஸ்ட் பாக்கெட்டில் குறைந்தது 18 என்று எழுதியிருக்கிறது. அண்ணைக்குப் போன் செய்தேன்.

"ஒரு தேத்தண்ணிக் கப் அளவு எடும் தம்பி. அதுக்குள்ள புது ஈஸ்ட் ஒரு நுள்ளு போட்டு, வீட்டுக்குள்ள சூடான இடத்தில வையும். அது எவ்வளவுக்கு இறங்குதெண்டு பாரும். வாளியும் கடைசியா அங்கதான் போய் நிக்கும்."

இதைவிட அழகான சோதனையை நான் பார்த்ததில்லை. 200 மில்லி எடுத்து, சுத்தம் செய்த பாட்டிலில் ஊற்றி, ஈஸ்ட் ஒரு சிட்டிகை போட்டு, வாயை அலுமினியத் தாளால் லேசாக மூடி, ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். அங்கே எப்போதும் கதகதப்பு இருக்கும், மனைவி இட்லி மாவு பொங்க வைக்கும் இடம் அது. அவ்வப்போது குலுக்கிவிட்டேன். மூன்றாம் நாள் நுரை அடங்கியதும் ஆற்றி அளந்தேன். 1.011. மறுநாளும் 1.011.

கராஜில் வாளி இன்னும் 1.020-லேயே இருந்தது. ஆக, ஒன்பது புள்ளி சர்க்கரை தூங்கிக்கொண்டிருந்தது. லிட்டருக்கு ஏறக்குறைய 18 கிராம். அதன் மேல் நான் போடும் 8 கிராமையும் சேர்த்தால் மூன்று மடங்குக்கும் மேல். போன வருடம் இதைத்தான் நான் பாட்டிலில் அடைத்து, மகளின் சைக்கிள் பக்கத்தில் அடுக்கிவைத்திருக்கிறேன். குறிப்பேட்டில் அந்தக் கணக்கை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வாளியை வீட்டுக்குள் துணி துவைக்கும் அறைக்குக் கொண்டுவந்து ஹீட் பெல்ட் என்ற சூடேற்றும் பட்டையைக் கட்டி 21 டிகிரிக்கு ஏற்றினேன். மூடியைத் திறக்காமல், காற்றுக் கலக்காதபடி மெதுவாக வாளியைச் சாய்த்துச் சுழற்றி அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கிளப்பிவிட்டேன். இரண்டாம் நாள் மறுபடி குமிழி. நான்கு நாளில் 1.015. ஒன்பதாம் நாள் 1.011, பத்தாம் நாளும், பதினோராம் நாளும் அதே.

உடனே அடைக்கவில்லை, இன்னும் இரண்டு நாள் விட்டேன். எண் நின்ற பிறகும் ஈஸ்ட்டுக்கு வேலை இருக்கிறது. நொதிக்கும்போது டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகும், சினிமா தியேட்டர் பாப்கார்னில் வரும் வெண்ணெய் வாசனை அதுதான். அதை ஈஸ்ட்டே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், கொஞ்சம் அவகாசம் வேண்டும். இதற்கும் ஒரு சோதனை உண்டு. அளந்த மாதிரியைக் கீழே கொட்டாமல் ஒரு சின்ன பாட்டிலில் மூடி, 60 டிகிரி சுடுதண்ணீரில் இருபது நிமிடம் நிறுத்தி, ஆறவைத்து முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் வாசனை வந்தால் பொறுங்கள். மாதிரியை ஒருபோதும் வாளிக்குள் திரும்ப ஊற்றாதீர்கள், கிருமி போகும். அதைக் குடித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் இனிப்பும் ரொட்டி மாவு வாசனையுமாக இருப்பது, பத்தாம் நாள் வாயு இல்லாத பீராக மாறியிருக்கும். அந்த மாற்றத்தை நாக்கும் எண்ணும் சேர்ந்து சொல்வதைக் கேட்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் போட லைசென்ஸ் தேவையில்லை (சாராயம் வடிப்பது இங்கேயும் குற்றம்). தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் போடுவது குற்றம். இதைப் படித்துவிட்டு அங்கே யாரும் முயல வேண்டாம்.

ஹைட்ரோமீட்டரை வாங்கலாமா என்றால், கட்டாயம் வாங்குங்கள். முடிந்தால் இரண்டாக வாங்குங்கள், ஒன்று உடையும் நாள் எப்போதும் அளக்க வேண்டிய நாளாகத்தான் இருக்கும். என்னுடையதும் போன மாதம் சிங்க்கில் விழுந்தது, அன்றைக்கே அதே கடையில் அதே வகையை வாங்கி வந்தேன். புதியது தண்ணீரில் சரியாக 1.000 காட்டுகிறது. வண்ணப்பட்டை இதிலும் இருக்கிறது.

ஜூலை பீரில் இரண்டு பாட்டிலை ஆகஸ்ட் கடைசியில் அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அடியில் படிந்த ஈஸ்ட் கலங்காமல் மேசையில் வைத்தார். திறப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தினையிலை நிண்டது?"

"1.011 அண்ணை. மூன்று நாள்."

"ஃபிரிட்ஜுக்கு மேல வைச்சது?"

"அதுவும் 1.011."

தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடி டம்ளரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மூடியை நெம்பினார்.